பாடம் மட்டுமா போனது?

கொரோனாவில் பிள்ளைகள் இழந்தது பாடம்தான், கூடுதல் வகுப்பு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். என்னால் ஒப்ப முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. ஒட்டன்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி அனுப்பும் ஊர். அங்கே முருங்கை பறிக்கவும் சந்தையில் மூட்டை ஏற்றவும் போகிற பெற்றோரால் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்க முடியாது. வீட்டில் இருக்கும் ஒரே செல்போனும் அப்பாவோடு போய்விட்டால் பிள்ளைக்கு யார் துணை? அரசின் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தும். பிள்ளையின் முகவாட்டம் அதற்குத் தெரியாது. சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் வந்தன, நல்லதுதான். கூட உட்கார்ந்து சாப்பிடும் சிநேகிதர்கள் வரவில்லையே!

தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை நான் மெச்சுவதும் இதனால்தான்: தெருப் பிள்ளைகள் மாலையில் மறுபடி ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

தாய் தந்தை இருவரையும் தொற்றில் இழந்த பிள்ளைக்கு அரசு 5 லட்சம் வைப்புத்தொகை போட்டது. அது கைக்கு வருவது 18 வயதில். அதுவரை அந்தப் பிள்ளை யாரிடம் வாய்விட்டு அழும்? அடுத்த தொற்றுக்கு முன் பள்ளிதோறும் ஒரு மனநல ஆலோசகரை நியமியுங்கள். கூடுதல் வகுப்பைப் பிறகு பேசலாம்.