தொண்டை வலியோடு பந்து வீச்சா?

சனிக்கிழமை சாயங்காலம். நகரத்தில் ஒரு மைதானம். 14 வயதுப் பையன் பந்து வீசுகிறான். ஓவருக்கு ஓவர் தொண்டையைப் பிடித்துக் கொள்கிறான்.

"மூணு நாளா வலி சார். நேத்து வரைக்கும் காய்ச்சல். நாலு மாத்திரை போட்டேன், சரியாப் போச்சு" என்றான். டாக்டரைப் பார்க்கவில்லையாம். அப்பா கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை!

அவன் வாய் வைத்துக் குடித்த பாட்டிலிலேயே 11 பேரும் குடித்தார்கள்.

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. தானே போய்விடும். 'ஸ்ட்ரெப்' பாக்டீரியா என்றால் கதையே வேறு. திடீர்க் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறி கட்டும். 5 வயது முதல் 15 வயது வரைதான் இதற்கு அதிக இரை. இருமினாலும் எச்சில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

டாக்டர் தரும் பெனிசிலின் வகை மருந்து உள்ளே போய் ஒரு நாள் ஆனால், பெரும்பாலும் அடுத்தவருக்குத் தொற்றாது. இரண்டு மூன்று நாளில் வலியும் அடங்கும். வினையே இங்கேதான்! வலி போனதும் மாத்திரையையும் நிறுத்தி விடுகிறார்கள். 10 நாள் என்று எழுதியிருந்தால் 10 நாளும் சாப்பிட வேண்டும். சரியான மருந்து போகாவிட்டால் சில பிள்ளைகளுக்கு 2, 3 வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. மூட்டு வீங்கும். அந்த வீக்கம் வடிந்துவிடும். இதய வால்வு கெட்டுப் போனால்? வருஷக்கணக்கில் 3 வாரத்துக்கு ஓர் ஊசி. சிலருக்கு ஆபரேஷன். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும்.

அதற்காக மாசக்கணக்கில் படுத்துக்கிடக்கச் சொல்லவில்லை. காய்ச்சல் இருக்கும்போது ஓடக் கூடாது. காய்ச்சல் விட்டு, மருந்து தொடங்கி ஒரு நாள் கழிந்து, சோறு தண்ணி இறங்கினால் நடக்கலாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம். தலை சுற்றினால் உட்கார்ந்துவிட வேண்டும்.

வாரக்கணக்கில் வலி இழுத்து ஆளையே அசத்திப் போட்டால், அது சுரப்பிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அதில் மண்ணீரல் வீங்கும். கபடியில், கால்பந்தில் இடிபட்டால் கிழியக்கூடும். டாக்டர் சரி என்னும் வரை, குறைந்தது 3 வாரம், அந்த ஆட்டமே வேண்டாம்.

பையனைத் திட்டிப் பயனில்லை. நானும் அந்த வயசில் காய்ச்சலோடு கபடி ஆடியவன்தான். டீம் நடத்தும் பெரியவர்களைக் கேட்கிறோம். "நீ இல்லாட்டி தோத்துடுவோம்டா" என்று வீட்டுக்கு ஆள் அனுப்புவது யார்? ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்ல என்ன செலவு? சீட்டு இல்லாமல் நாலு மாத்திரை கத்தரித்துக் கொடுக்கும் கடைக்காரருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பையனின் அப்பாவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னோம். திங்கட்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்.