கணனிப் படங்களும் யதார்த்தம் என்னும் மயக்கமும்

கணனிவழி ஆக்கப்படும் படமொன்று நிழற்படத்தினின்றும் வேறுபிரித்தறிய இயலாதவாறு அமையுமாயின், அதனை ‘யதார்த்தமானது’ எனப் போற்றுதல் இன்று வழக்காகிவிட்டது. அண்மையில் எம்மிடையே நிகழ்ந்த உரையாடலொன்றிலே விஞ்ஞான மாணவ நண்பரொருவர், “இது பௌதிகம், இதிலே கலைப்பீடத்தார் விமர்சிப்பதற்கு எதுவுமில்லை” என்று முடிந்த முடிபாகக் கூறினார். அம்முடிபை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நண்பரின் கூற்றில் உண்மையே இல்லையென்பது எமது வாதமன்று. 1986ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கஜியா வெளியிட்ட சமன்பாடு இத்துறையின் அத்திவாரம். பரப்பொன்றின் ஒரு புள்ளியிலிருந்து கண்ணை நோக்கிப் புறப்படும் ஒளியானது, அப்புள்ளி தானே உமிழும் ஒளியினதும், பல திசைகளினின்றும் அதன்மீது விழுந்து திருப்பியனுப்பப்படும் ஒளியினதும் கூட்டுத்தொகை என்பதே அதன் சாரம். விழும் ஒளியும் வேறொரு பரப்பினின்று வருவதாகலின் கணிப்பு முடிவின்றி நீளும். ஆகவே எழுமாற்றாகத் தெரிந்தெடுத்த கதிர்களைப் பின்தொடர்ந்து சராசரி காண்கின்றனர். இச்சமன்பாட்டிற்குச் சாதியில்லை, நிறமில்லை. ஆனால் சமன்பாடு தானாகப் படம் வரைவதுமில்லை. எப்பொருள் ஒளியை எவ்வாறு திருப்பும் என்ற அளவுகளை எவரோ ஒருவர் அளந்து அதற்குக் கொடுக்கவேண்டும். எதனை அளப்பது, எதனை விடுவது என்னும் வினா பௌதிகத்துக்கு மட்டும் உரியதன்று.

படம் மெய்யானதென்பதற்கு உரைகல் யாது? கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் சிறு பெட்டியொன்றைச் செய்து, அதனையும் அதன் கணனிப் படத்தையும் பார்வையாளர் ஒப்பிடுமாறு செய்தனர். எது மெய், எது படம் என்று கூறுவதில் பார்வையாளர் வெறும் ஊகத்தை விஞ்சவில்லை என 1986இல் வெளியான ஆய்வு கூறிற்று. பாராட்டுக்குரிய பரிசோதனைதான். எனினும் அவர்கள் பெட்டியை நேரே பார்க்கவில்லை. இரண்டையும் கமராவின் கண்ணாடித் திரையிலேயே பார்த்தனர். அதாவது, இக்கலை தனது இளமையிலேயே கமராவைத் தன் நீதிபதியாக வரித்துக்கொண்டது.

அந்நீதிபதியோ நடுநிலையாளரல்லர். வண்ணப்படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பதற்கெனக் கொடாக் நிறுவனம் பயன்படுத்திய ‘ஷேர்லி அட்டை’யிலே நெடுங்காலம் இருந்த முகம் வெள்ளைத்தோற் பெண்ணினுடையதே. அம்முகம் சரியாக அமைந்தால் படம் சரி. கருந்தோலர் முகம் இருளில் மூழ்கினால் அது அவரது தோலின் குற்றம்!

ஈழத்து விமர்சனத்திற் பயின்றோர்க்கு இம்மயக்கம் புதிதன்று. கண்டதைக் கண்டவாறே தீட்டும் இயற்பண்புவாதத்தையும், காட்சிக்குப் பின்னுள்ள சமூக உறவுகளை வெளிக்கொணரும் யதார்த்தவாதத்தையும் எம்மவர் பிரித்தறிந்து நெடுங்காலமாயிற்று. கணனித்துறையார் பேசும் ‘யதார்த்தம்’ இவற்றுள் முதலாவதையும் எட்டியதன்று. கண் கண்டதையன்று, கமரா கண்டதையே அது தீட்டுகின்றது.

தோலை எடுத்துக்கொள்வோம். பால், பளிங்கு, தோல் முதலியவற்றில் ஒளி பட்ட இடத்திலேயே திரும்பிவிடுவதில்லை; உள்ளே புகுந்து சிதறி, சற்று அப்பால் வெளிப்படுகின்றது. இதனைக் கணிப்பதற்கு 2001இல் ஹென்றிக் வான் ஜென்சனும் மூவரும் செம்மையான வழியொன்றைக் கண்டனர். அவர்தம் கட்டுரையிலுள்ள அட்டவணையில் அப்பிள், கோழியிறைச்சி, உருளைக்கிழங்கு, தக்காளிச் சோஸ் ஆகியவற்றோடு மனிதத்தோலும் இடம்பெறுகின்றது. உலக மாந்தர் அனைவர்க்குமாக அங்கே கிடைத்தவை இரண்டே வரிகள்! (கோழியிறைச்சிக்கும் இரண்டு வரிகள் உண்டென்பது ஆறுதலா, அவமானமா என்பதை வாசகரே தீர்மானிக்க.)

இவ்வுட்சிதறல் மிகுதியாகப் புலப்படுவது வெளிறிய தோலிலேயாம். மெலனின் மிக்க தோல் உட்புகும் ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அங்கே கண்ணைக் கவர்வது மேற்பரப்பின் மினுக்கமே. ஆயினும் மனித முகத்திற்கு உயிரூட்டும் இரகசியம் உட்சிதறலே என்று இத்துறை கொண்டாடிற்று. ஒருசாராரின் இயல்பு ‘மனித இயல்பு’ ஆயிற்று, ஏனையோர் விதிவிலக்காயினர். யேல் பல்கலைக்கழகக் கணனி விஞ்ஞானி தியோடர் கிம் 2020இல் இதனை வெளிப்படையாகச் சாடினார். தலைமயிரைக் கணிக்கும் முறைகள் நேர்மயிரையே மாதிரியாகக் கொண்டெழுந்தமையையும் அவர் சுட்டினார். அவர் கலைப்பீடத்தவரல்லர் என்பதை நண்பர் கவனிப்பாராக.

2006இல் டொனரும் ஜென்சனும் மெலனின், ஈமோகுளோபின் அளவுகளைக் கொண்டு பலவகைத் தோல்களையும் கணிக்கும் முறையை வெளியிட்டனரே என நண்பர் வாதிடக்கூடும். மெய்யே. ஆனால் அவ்வாதம் எமக்கே துணைநிற்கின்றது. கருந்தோலை வரைவதற்குக் கஜியாவின் சமன்பாட்டைத் திருத்தவேண்டியிருக்கவில்லை. அளப்போர் அதனையும் தமது கணக்கிற் சேர்க்கவேண்டியிருந்தது, அவ்வளவே. தடையாயிருந்தது பௌதிகமெனில், அது எந்த விதி?

நண்பர் அடுத்தமுறை தமது கணனியில் முகமொன்றை ஆக்கும்போது, அதன் தோலளவுகள் எவருடைய உடலிலிருந்து பெறப்பட்டன என்பதையும் விசாரித்து வருவாராக. அதன்பின் உரையாடலைத் தொடரலாம்.