புதையல் தேடப் போகலாமா?



விடுமுறைக்கு நுவரெலியா போகிறோம். கிரகரி வாவியில் நாலு படம் எடுத்ததும் பயணம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளோ வேனுக்குள் கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கிறார்கள். அதே தொலைபேசியைக் கொண்டே அவர்களை நடக்க வைக்கலாம்!

2000 மே மாதம் 2ஆம் திகதி, ஜீ.பி.எஸ். எனும் செய்மதி இடங்காட்டியின் முழுத் துல்லியம் பொதுமக்களுக்கும் கிடைத்தது. மறுநாளே அமெரிக்காவின் ஓரிகனில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் எண்களை அறிவித்தார். 'ஜியோகேஷிங்' பிறந்தது. பெட்டியைக் கண்டெடுப்பவர் அதிலுள்ள குறிப்பேட்டில் பெயர் எழுதவேண்டும். ஒரு பொருளை எடுத்தால் இன்னொன்றை வைக்கவேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே விடவேண்டும்.

முதலில் வீட்டு முற்றத்தில் பழக்குங்கள். ஒரு டப்பா, கொப்பித்தாள், பென்சில் போதும். கருவி சில மீற்றர் பிசகும்; அதனால் முற்றத்தில் காலடியால் அளந்து திசை சொல்லுங்கள்.

மலைநாட்டில் நடக்க, கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதை இருக்கிறது. ஒரு கட்டத்தில் சிறு பகுதியே பிள்ளைகளுக்குப் போதும். அட்டைக்கடிக்கு உப்பு எடுத்துச் செல்லுங்கள்.

ஆனால் தோட்டத்தில் கேட்காமல் எதையும் ஒளிக்காதீர்கள். புதருக்குள் கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் நம் நாட்டில் யாருக்கும் நெஞ்சு பதறும். 2019க்குப் பின் சொல்லவும் வேண்டுமா? லயத்து வாசலும் ஒரு குடும்பத்தின் வாசல்தான். நம் வாசலில் அந்நியர் துருவினால் பொறுப்போமா? கொழுந்து பறிக்கும் அக்காவிடம் முதலில் வழி கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை கற்கவேண்டிய முதல் பாடம் அதுதான்.