பெட்டை நாயின் பருவமும் வளர்ப்போர் கடமையும்

மார்கழியே நாய்களின் பருவகாலமென்று கிராமங்களில் சொல்வதுண்டு. வீட்டில் வளரும் பெட்டைக்கு இக்கணக்குப் பொருந்தாது. அது பெரும்பாலும் 6 மாதத்திற்கும் 12 மாதத்திற்கும் இடையே முதன்முறை பருவமடைந்து, பின்னர் ஏறக்குறைய 6 அல்லது 7 மாதத்திற்கொருமுறை, எந்த மாதத்திலும் பருவத்திற்கு வரும்.

பிறப்புறுப்பு வீங்கி உதிரம் கசியும் முதல் 9 நாள் அளவில் அது ஆண் நாயை ஏற்பதில்லை. கசிவு வெளிறி, வாலை ஒருபுறம் ஒதுக்கி நிற்கும் அடுத்த 9 நாள் அளவே கருத்தரிக்கும் காலம். நாய்க்கு நாய் இந்நாட்கள் கூடியும் குறைந்தும் இருக்கும். உதிரம் வெளிறியதும் அபாயம் நீங்கிற்றென்று அவிழ்த்துவிடுவதே பலர் செய்யும் பிழை. ஓர் ஈற்றுக் குட்டிகளுக்குத் தந்தையர் பலராகவும் இருக்கக்கூடுமாதலால், இராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய நாட்டு இனங்களை வளர்ப்போருக்கு இது பெருநஷ்டமாகும்.

முதற் பருவத்தில் சேர்த்தலும் தகாது. விற்பனைக்காக நாய்களைப் பெருக்குவோருக்கென 2017ஆம் வருஷம் மத்திய சர்க்கார் வகுத்த விதிகள், பெட்டைக்கு 18 மாதம் நிரம்ப வேண்டுமென்கின்றன.

சுமார் 63 நாளில் பிறக்கும் வேண்டாத குட்டிகளைக் கடலோரத்தில் விட்டுவிடுதல் பாவமன்றி வேறில்லை. பிழைத்தவை, மாமல்லபுரக் கரையில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் இடும் முட்டைகளைத் தோண்டித் தின்னும். வெறிநோய்ப் பயத்தையும் பெருக்கும்.

ஆகவே, குட்டிகளுக்கு நல்ல இடம் தேடி வைத்தவரே சேர்க்கை செய்விப்பாராக. மற்றையோர் 3 வாரமும் பெட்டையை அடைத்துக் காப்பதோ, கால்நடை மருத்துவரைக் கொண்டு கருத்தடை செய்விப்பதோ நலம். செங்கற்பட்டு ஜில்லாவின் கிராம அதிகாரிகள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பது பெரும் உபகாரமாகும்.