இரண்டாம் முறை செய்து பார்க்க நேரம் கொடுங்கள்

கையால் செய்து கற்பதற்கும் வடிவமைப்புச் சிந்தனைக்கும் இன்று பள்ளிகளில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், தேர்வாகும் ஒவ்வொரு பள்ளிக்கும் 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 ஒன்றிய பட்ஜெட் அறிவித்தது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு எளிய அறிவியல் சோதனைகளை அரசுப் பள்ளிகளின் வாசலுக்கே கொண்டுசெல்கிறது. தம்மைச் சுற்றியுள்ள சிக்கல் ஒன்றைக் கண்டறிந்து தீர்வு செய்துகாட்டும்படி மாணவர்களைக் கேட்கிறது பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம். எல்லாமே வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை அனைத்தும் பள்ளியின் அன்றாடக் கால அட்டவணைக்கு வெளியே, விருந்தாளிபோல் வந்துபோகின்றன. 6 முதல் 9 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகளை இந்த வேலைக்கென்று சட்டப்படி ஒதுக்காதவரை, இத்தனை கோடிகளும் திறப்பு விழாவோடு நின்றுவிடும்.

வடிவமைப்புச் சிந்தனை என்பது பெரிய மர்மம் எதுவும் இல்லை. 2005-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அமைந்த வடிவமைப்புப் பள்ளி பிரபலமாக்கிய வடிவத்தில் அதற்கு ஐந்து படிகள்: பயன்படுத்துவோரின் நிலையை உணர்தல், சிக்கலைத் தெளிவாக வரையறுத்தல், யோசனைகளைத் திரட்டுதல், மாதிரி செய்தல், சோதித்துப் பார்த்தல். 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழிலே பாடத்தின் நடுவில் இருந்தது என்பதை நினைத்தால், கையும் அறிவும் சேர்ந்து கற்க வேண்டும் என்ற கருத்து நமக்குப் புதிதல்ல என்பது விளங்கும். புதிதாக ஒன்று உண்டென்றால் அது கடைசிப் படியில் இருக்கிறது. மாதிரி சரியாக வேலை செய்யாது; ஏன் என்று பார்த்து, திரும்பப் போய், மறுபடி செய்ய வேண்டும். இந்தத் திரும்பிப் போதலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வழக்கமான கைவேலை வகுப்புதான்.

ஓர் எடுத்துக்காட்டு. நடுநிலை வகுப்பு அறிவியலில் வெப்பம் ஒரு பாடம். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று வரையறைகளை மாணவர்கள் மனப்பாடம் செய்வது தகரமோ கல்நாரோ வேய்ந்த கூரையின் கீழ், ஏப்ரல் வெயிலில் வியர்த்தபடி என்பதும் நம் ஊரில் நடப்பதுதான். இதே வகுப்பை எடுத்துக்கொள்வோம். அறையில் எந்த இடம், எந்த நேரத்தில் அதிகம் சுடுகிறது என்று சத்துணவு அம்மாவிடமும் கடைசி பெஞ்சு மாணவர்களிடமும் கேட்கலாம். வெப்பமானியால் அளந்து எழுதலாம். இரண்டு அட்டைப் பெட்டிகளுக்குத் தகரத் துண்டைக் கூரையாக வைத்து, ஒன்றின் மேல் சுண்ணாம்பும் இன்னொன்றின் மேல் தென்னங்கீற்றும் போட்டு ஒப்பிடலாம். முதல் நாள் அளவுகள் குழப்பும். ஒரு பெட்டி நிழலில் இருந்திருக்கும். இன்னொன்றில் வெப்பமானி தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். இந்தக் குழப்பத்திலிருந்துதான் கதிர்வீச்சுக்கும் கடத்தலுக்கும் உள்ள வேறுபாடு மாணவருக்குப் பிடிபடும். நாற்பத்தைந்து நிமிடத்தில் மணி அடித்துவிட்டால், குழப்பத்தோடு வீட்டுக்குப் போவார். மறுநாள் அடுத்த பாடம் தொடங்கியிருக்கும்.

நேரம் தராமல் மதிப்பெண் மட்டும் தந்தால் என்ன நடக்கும் என்பதை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2012-13-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. செயல்பாடுகள், செயல்திட்டங்கள் என்று நோக்கம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. நடைமுறையில் அது சார்ட் பேப்பராகவும் ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் படங்களாகவும் சுருங்கியது. தெர்மாகோல் எரிமலையை அப்பா செய்தார், அம்மா வண்ணம் பூசினார், பிள்ளை தூக்கிக்கொண்டு போனது. பத்தாம் வகுப்பு அறிவியலின் 25 செய்முறை மதிப்பெண்ணும் பெரும்பாலும் அதே கதைதான்: வர வேண்டிய விடை முன்பே தெரியும், அளவீடுகள் அதற்கேற்ப வளையும். தவறான அளவீட்டை உள்ளபடி எழுதி, காரணம் தேடிய மாணவருக்குத் தனியாக மதிப்பெண் தரும் ஏற்பாடு எங்கும் இல்லை. ஆசிரியரையோ பெற்றோரையோ குறை சொல்லிப் பயனில்லை. முறை எதைக் கேட்டதோ அதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள்.

முறையே வேறொன்றைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் சான்று. 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய இந்தத் திட்டம் பிறகு மாவட்டம் முழுவதும், அதைத் தாண்டியும் பரவியது. 1982 முதல் ஏகலவ்யா அமைப்பு அதை நடத்தியது. சாதாரண கிராமப்புற அரசுப் பள்ளிகள், குறைந்த செலவிலான சோதனைப் பெட்டிகள், குழுக்களாக அமர்ந்து சோதனை செய்யும் மாணவர்கள், மாதந்தோறும் கூடி வகுப்பறைச் சிக்கல்களைப் பேசும் ஆசிரியர்கள். 'சவாலிராம்' என்ற கற்பனைப் பாத்திரத்துக்குப் பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுதி அனுப்பினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர்கள் தேர்வையும் மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு, அதோடு செய்முறைத் தேர்வு. மனப்பாடம் பயன்படாத இடத்தில் அதை யாரும் பிடித்துத் தொங்கவில்லை. முப்பது ஆண்டுகள் நடந்த திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. மற்ற மாவட்டங்களைப்போல இங்கும் ஒரே பாடநூல் இருக்கட்டும் என்பதுதான் நிர்வாகத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இது நடக்காது என்பவர்களுக்கு அந்த முப்பது ஆண்டுகள் போதுமான பதில். நல்ல முயற்சியும் அரசின் கால அட்டவணைக்குள்ளும் தேர்வுக்குள்ளும் நிரந்தர இடம் பெறாவிட்டால் ஒரே ஆணையில் மறைந்துவிடும் என்பதும் அதே வரலாறு சொல்வதுதான்.

எதிர்ப்பவர்களிடமும் வலுவான வாதம் இருக்கிறது. பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்ட, இன்றுவரை விவாதிக்கப்படும் கட்டுரையில், வழிகாட்டல் குறைந்த கண்டறி முறைகள் புதிதாகக் கற்பவருக்குப் பலன் தருவதில்லை என்று வாதிட்டார்கள். ஒன்றும் தெரியாத பிள்ளையிடம் பொருள்களைக் கொடுத்து 'நீயே கண்டுபிடி' என்றால், நினைவாற்றலின் மேல் சுமை ஏறுமே தவிர அறிவு ஏறாது. இதை மறுக்கத் தேவையில்லை. ஏற்றுக்கொண்டு அதன்படி திட்டமிட வேண்டும். வெப்பக் கடத்தல் என்றால் என்ன என்பதை ஆசிரியர் முதலில் தெளிவாகச் சொல்லித்தரட்டும். கூரைப் பெட்டி அதற்குப் பின்பு வரட்டும். செயல்திட்டம் பாடத்துக்கு மாற்றாக வரும்போது தோற்கிறது. கற்றதைப் போட்டுப் பார்க்கும் இடமாக வரும்போது நிற்கிறது. 'ஆசிரியர் வெறும் துணையாளர்' என்று பயிற்சி முகாம்களில் ஓதப்படும் மந்திரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. பாடத்தில் பிடிப்புள்ள ஆசிரியர்தான் பிள்ளையின் தவறான மாதிரியைப் பார்த்துச் சரியான அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.

போர்ஷன் முடியாது என்பது அடுத்த கவலை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு அது நியாயம்தான். அங்கே கைவைக்கச் சொல்லவில்லை. ஆனால் 6 முதல் 9 வரை பொதுத்தேர்வு ஏதும் இல்லை. பாடச்சுமையைச் சற்றுக் குறைத்தால் வாரத்துக்கு இரண்டு பாடவேளை கிடைக்காமல் போகாது. வாசிக்கவே திணறும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். நேர்காணலுக்குக் கேள்வி எழுதவும், அளவுகளை அட்டவணையாக்கவும், ஏன் தோற்றது என்று ஐந்து வரி எழுதவும் வேண்டிய பிள்ளைக்கு, எழுத்தும் கணக்கும் தேவைப்படும் காரணம் ஒன்று கிடைக்கிறது. அதற்காக அடிப்படைப் பயிற்சியைக் கைவிட வேண்டும் என்று பொருளில்லை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளையே இதில் ஜெயிக்கும் என்ற எதிர்ப்பைத்தான் மிகவும் பொருட்படுத்த வேண்டும். தெர்மாகோல் எரிமலை காட்டியது இதைத்தான். ஆகவே விதி கறாராக இருக்கட்டும்: செயல்திட்டத்தின் எந்தப் பகுதியும் வீட்டில் செய்யப்படக் கூடாது, பள்ளியே தராத பொருளும் பயன்படக் கூடாது. மதிப்பெண்ணைப் பளபளக்கும் இறுதி மாதிரிக்குத் தராமல், குறிப்பேட்டுக்குத் தர வேண்டும். முதல் மாதிரி ஏன் தோற்றது, இரண்டாவதில் எதை மாற்றினார்கள், மாற்றியதால் அளவு எவ்வளவு மாறியது என்ற மூன்று கேள்விகளை அளவுகோலாக வைத்தால், ஆசிரியரின் விருப்புவெறுப்பு பற்றிய புகாரும் பெருமளவு அடங்கும்.

ஆக, அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் பள்ளிக்கல்வித் துறை செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. மாதிரிக் கால அட்டவணையில் இரட்டைப் பாடவேளையைச் சேர்த்து ஆணையிட வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கு டெஸ்ட்டுக்குக் கடன் வாங்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். வானவில் மன்றக் கருத்தாளர்களின் வருகையை அந்தப் பாடவேளைகளோடு பொருத்தி, ஒரே சோதனைக்கு இரண்டாம் முறையும் வரச் சொல்ல வேண்டும். அறிவியல் கண்காட்சிகளில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்ற வரிசையை நடுநிலை வகுப்புகளுக்காவது விட்டுவிடலாம். ஆய்வுக்கு வரும் கல்வி அலுவலர்கள் எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்பதோடு, வேலை செய்யாத மாதிரி ஒன்றையும் அதன் குறிப்பேட்டையும் எடுத்துக் காட்டச் சொல்லட்டும்.