உள் தணிக்கையும் கிடங்குப் பொறுப்பாளரும்

தணிக்கை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நமது சங்கங்களில் பலருடைய முகம் சுருங்குவதைக் காண்கிறோம். கணக்கர் பழைய ரசீதுகளைத் தேடத் தொடங்குகிறார். கிடங்குப் பொறுப்பாளர் இரண்டு நாள் விடுப்புக்கு எழுதலாமா என்று யோசிக்கிறார். கூட்டுறவுத் தணிக்கைத் துறையார் ஆண்டுதோறும் சட்டப்படி நடத்தும் தணிக்கையைப் பற்றி நாம் இங்கே பேச வரவில்லை. அது ஆண்டு முடிந்த பின் வருவது. நடந்து முடிந்ததைச் சொல்வது. சங்கமே ஒருவரை அமர்த்தி, மாதந்தோறுமோ காலாண்டுதோறுமோ தன் பிரிவுகளைத் தானே சோதித்துக்கொள்ளும் உள் தணிக்கையைப் பற்றியதே நமது கருத்து. பிழை வளருமுன் அதைத் திருத்திக்கொள்வதற்காக ஏற்பட்டது அது. ஆனால் அதுவே பிழையை வளர்ப்பதும் உண்டு.

நாம் அறிந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். ஐப்பசி மழையில் வந்திறங்கிய பருத்தி நூல் அன்றைய எடைக்கு வரவு வைக்கப்பட்டது. பங்குனி வெயிலில் உள் தணிக்கை செய்ய வந்தவர், எஞ்சியிருந்த நூலை எடை போட்டுப் பார்த்தார். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்தது. இருப்புக் குறைவு என்றும், பொறுப்பாளரிடம் வசூலிக்கத்தக்கது என்றும் அறிக்கையில் ஒரு வரி ஏறியது. பொறுப்பாளரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டாரில்லை. அறிக்கை நேரே நிர்வாகக் குழுவுக்குச் சென்றது. சம்பளத்தில் பிடித்தமும் ஆயிற்று.

காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதும் விடுவதும் பருத்தி நூலின் இயல்பு. முற்றிலும் உலர்ந்த நூலின் எடைக்கு மேல் நூற்றுக்கு 8.5 பங்கு ஈரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே நூல் வாணிபத்தில் எடை கணக்கிடுகிறார்கள். அந்த ஈரத்தோடு 100 கிலோவாக வந்த நூல், கோடையில் ஈரம் 6 பங்காகக் குறைந்தால் 97.7 கிலோதான் நிற்கும். ஓர் இழையும் களவு போகவில்லை. இரண்டே கால் கிலோவைக் காணோம்! சிட்டங்களை எண்ணியிருந்தால் உண்மை அப்பொழுதே தெரிந்திருக்கும். சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம் என்பது மழையிலும் மாறாது, வெயிலிலும் மாறாது. விவசாய அங்கத்தினர்களுக்கும் இது புதிய செய்தியன்று. 17 சதவீத ஈரத்தில் நிறுத்து வாங்கிய நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால், குவிண்டாலுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ குறைந்துதான் தீரும். ஈரத்தின் பெயரைச் சொல்லித் திருட்டை மறைப்பவர்களும் இல்லாமலில்லை. ஆகையினால்தான் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

பின்னர் நடந்ததே நம்மை வருத்துவது. ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட பொறுப்பாளர் தம்மைக் காத்துக்கொள்ள வழி தேடினார். நெசவாளர்களுக்கு நூல் கொடுக்கும்போதெல்லாம் தராசு முள் சற்று அந்தப் பக்கம் சாய்ந்தே நின்றது. கொடுத்த நூல் குறைந்தால் வரும் துணியும் குறையத்தானே செய்யும்? துணி குறைந்ததென்று கூலியில் பிடித்தார்கள். அறிக்கையில் அவசரமாக ஏறிய ஒரு வரிக்கு, கடைசியில் விலை கொடுத்தவர் தறியில் அமர்ந்திருந்த அங்கத்தினர்.

ஆடிட் என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் கேட்டல் என்பதே பொருள். கணக்கை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டிருந்த காலத்தில் பிறந்த சொல் அது. நம் நாட்டு வழக்கமும் இதற்கு மாறானதன்று. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921 இல் பொறித்த கல்வெட்டைப் பலரும் குடவோலைத் தேர்தலுக்காக மட்டுமே பேசுகிறார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று அதில் கண்டிருக்கிறது. கணக்கு எழுதியவன் தன் கணக்கைத் தானே கொண்டுவந்து காட்டவேண்டும். அதை முடிக்க வேறொரு கணக்கன் புகக்கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள். எழுதியவன் முன்னிலையில், அவன் விளக்கத்தைக் கேட்டுக் கணக்கைப் பார்க்கவேண்டும் என்ற நியாயத்தை இதில் நாம் காண்கிறோம். அதிகாரியின் மேசையில் புத்தகங்களை அடுக்கிவிட்டுப் பிரிவு ஊழியரை வெளியே நிற்கச் செய்யும் இன்றைய பழக்கம் எங்கிருந்து வந்ததோ அறியோம்.

எனவே, உள் தணிக்கையில் கண்ட ஒவ்வொரு குறையையும் முதலில் அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் அவருடைய பதிலைப் பெறவேண்டும். குறை ஒரு பக்கத்திலும் பதில் எதிர்ப்பக்கத்திலுமாகவே நிர்வாகக் குழுவின் முன் வரவேண்டும். பதில் பொருந்தவில்லையென்றால் அதையும் தணிக்கையாளர் எழுதலாம், மறைக்கத்தான் கூடாது. எந்தப் பிரிவை எப்பொழுது பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடலாம். ரொக்கத்தையும் சரக்கையும் எண்ணுவது மட்டும் சொல்லாமல் வந்தே நடக்கவேண்டும். இதை அவமானமாகக் கருதுவது தவறு. எண்ணிச் சரியாக இருந்தது என்று கையொப்பமிட்ட ஒரு தாள், நேர்மையான காசாளருக்கு எந்த நற்சான்றிதழையும்விட மேலானது.

மற்றொன்று. காரியதரிசியின் கீழ் வேலை பார்த்து, அவர் கையால் சம்பள உயர்வு பெறும் ஒருவர், காரியதரிசியின் கொள்முதலைப் பற்றி என்ன எழுதிவிட முடியும்? தணிக்கையாளர் நிர்வாகக் குழுவுக்கே பொறுப்பாளியாக இருக்கவேண்டும். தனியாக ஒருவரை வைத்துக்கொள்ள இயலாத சிறு சங்கங்கள் நான்கைந்து சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

தணிக்கை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறைகளின் எண்ணிக்கையைக் கொண்டு தம் உழைப்பை அளந்து காட்டும் வழக்கத்தை அவர்கள் விடவேண்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டவில்லை என்று பதினொரு குறைகளை எழுதிவிட்டு, அலமாரியில் மூன்று தீபாவளிகளைக் கண்ட சேலைகளைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திய அறிக்கையை நாம் படித்திருக்கிறோம். முத்திரை ஒட்டவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேலைகளில் முடங்கியிருப்பது வங்கியில் வட்டிக்கு வாங்கிய பணம். அது முடங்கினால் அடுத்த மாத நூலுக்கும் கூலிக்கும் கைம்முதல் இராது. அந்த ரகத்தை நெய்யச் சொன்னவர் யார், விற்பனைப் பிரிவைக் கேட்டார்களா, நெய்தபின் ஏன் விலை குறைத்து விற்கவில்லை என்று விசாரித்தால், பதில் விற்பனையாளரிடம் நில்லாமல் சில சமயம் நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகம்வரை சென்று சேரும். அங்கே செல்லவும் தணிக்கையாளர் தயங்கலாகாது. அதைக் கண்டு குழுவினர் சினங்கொள்வதும் முறையன்று.

அடுத்த மகாசபையில் அங்கத்தினர் எவரும் எழுந்து, சென்ற ஆண்டில் எத்தனை முறை உள் தணிக்கை நடந்தது, கண்ட குறைகளுக்குப் பிரிவுகள் தந்த பதில் என்ன, எவை இன்னும் தீராமல் நிற்கின்றன என்று கேட்கலாம். இவையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும். அந்த நோட்டுப் புத்தகத்தைச் சபையில் உரக்கப் படித்துக் காட்டும்படி கேட்பதற்கும் தயங்க வேண்டுவதில்லை.