படத்தில் விலை தெரிவதில்லை

பழவேற்காட்டுக்குச் செல்லும் மாணவ நண்பர்கள் பலர் புகைப்படக் கருவியோடுதான் செல்கின்றனர். 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையின் எச்சம், அவர்களின் கல்லறைகள், ஏரியில் நிற்கும் பூநாரைகள், மீன் சந்தை என எல்லாம் படமாகின்றன. துள்ளும் இறாலும், கால் கட்டிய நண்டும், ஏலக் கூச்சலும் கண்கொள்ளாக் காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் சந்தைப் படம் பாதி உண்மையே என்பது என் கருத்து.

கூடையில் குவிந்த இறாலைப் படத்தில் காண்பவர், 'ஏரியில் என்ன செழிப்பு!' என்பர். அந்த இறாலுக்குப் பின்னே என்ன இருக்கிறது? எவர் எந்நாளில் எங்கே வலை கட்டலாம் என்று மீனவ ஊர்கள் முறைவைத்துப் பகிரும் 'பாடு' இருக்கிறது. வலையின்றி, ஆழமில்லாத நீரில் கையால் துழாவி இறால் எடுக்கும் இருளர் பெண்களின் உழைப்பு இருக்கிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரத்தும் மீன்வரத்தும் குறையுமே என்ற கவலை இருக்கிறது. இவற்றில் எதுவும் படத்தில் விழுவதில்லை.

காய்கறி விளைவிப்போர் இடைத்தரகரின்றி விற்பதற்காக 1999-இல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. விளைவித்தவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியே அதற்கு அடிப்படை. அதே கேள்வியை மீன் சந்தையிலும் நாம் கேட்க வேண்டாமா?

நண்பர்களே, படம் எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எடுக்குமுன் கூடைக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்தபின், அந்தக் கூடை என்ன விலைக்குப் போனது, பிடித்தவர் கைக்கு எவ்வளவு வந்தது என்றும் கேட்டு, படத்தின் கீழே எழுதி வையுங்கள். நாளை நம் வட்டாரத்தின் வரலாற்றை எழுதுவோர்க்கு அந்த ஒரு வரி உதவும்.